கழுத்து வலிக்கு டிரை நீட்லிங் போட்டுக்கொள்ளலாமா? அக்குபங்சரும் அதுவும் ஒன்றுதானா?

மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் உங்கள் நிலைமையை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு வயது 34. நாள் முழுக்க கம்ப்யூட்டர் முன்னால் வேலை. ஒரு வருடமாக வலது பக்கக் கழுத்தும் தோள்பட்டையும் இழுத்துப் பிடிக்கிறது. சாயங்காலம் ஆனால் அந்தக் குடைச்சல் காதுக்குப் பின்னால் ஏறி நெற்றிப்பொட்டு வரைக்கும் வந்து தலைவலியாகிவிடுகிறது. கை மரத்துப்போவதோ பிடி தளர்வதோ இல்லை. எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில் சி5–சி6 டிஸ்க் (கழுத்தின் ஐந்தாவது, ஆறாவது எலும்புகளுக்கு நடுவில் இருக்கும் மெத்தை) லேசாகப் பிதுங்கியிருப்பதாகப் போட்டிருக்கிறார்கள். பிசியோதெரபிஸ்ட் ‘டிரை நீட்லிங்’, அதாவது மருந்து ஏற்றாத மெல்லிய ஊசியை வலிக்கிற தசைக்குள் குத்தி எடுப்பது, செய்து பார்க்கலாம் என்கிறார். உங்கள் சித்தியோ, ‘அதுவும் அக்குபங்சர்தான், எனக்குத் தெரிஞ்ச ஹீலர் இருக்கார், அங்கேயே போ, மாத்திரையை எல்லாம் நிறுத்திடு’ என்கிறார். இரண்டும் ஒன்றா, வலி குறையுமா, நுரையீரலில் குத்திவிடும் என்கிறார்களே அது உண்மையா, இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்திருக்கும் அம்மாவின் முழங்கால் வலிக்கும் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் பிசியோதெரபிஸ்ட், இந்த ஊசியைப் போடுகிறவன். ஊசி போட்ட பிறகு வலி குறைவதை என் மேஜையிலேயே பார்க்கிறேன். ஆனால் எவ்வளவு குறைகிறது, எத்தனை நாளைக்குக் குறைகிறது, எதனால் குறைகிறது என்று கேட்டால், விளம்பரத்தில் சொல்வதைவிட அடக்கமான பதில்தான் கிடைக்கும். உங்கள் விஷயத்தில் என் கருத்து: போட்டுக்கொள்ளலாம். உடற்பயிற்சியோடு சேர்த்து, உடற்கூறு நன்றாகத் தெரிந்த ஒருவரிடம், மூன்று நான்கு தடவை போட்டுப் பார்த்து, பலன் இருந்தால் தொடரலாம். ஊசி மட்டுமே போதும் என்று யாராவது சொன்னால் அவரிடம் போகவேண்டாம்.

முதலில் அந்த ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பற்றிப் பேசிவிடுவோம். நீங்கள் அதைப் பார்த்துப் பயந்திருப்பது கேள்வியிலேயே தெரிகிறது. ஜப்பானில் கழுத்துத் தொந்தரவு எதுவுமே இல்லாத 1,211 பேருக்குக் கழுத்தை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து 2015-ல் முடிவை வெளியிட்டார்கள். அவர்களில் 87.6 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுக்கம் இருந்தது. இருபதுகளில் இருந்த பெண்களை மட்டும் எடுத்துக்கொண்டால்கூட 78 சதவீதம். வலியே இல்லாதவர்கள் இவர்கள் எல்லாம். எனவே உங்கள் ரிப்போர்ட்டில் உள்ள அந்த ஒரு வரி வலிக்குக் காரணமாக இருக்கலாம், சம்பந்தமே இல்லாமலும் இருக்கலாம். மரப்பும் பலவீனமும் இல்லை. தோள்பட்டைக்கு மேலுள்ள தசையைப் பிடித்து அழுத்தினால் அதே நெற்றிப்பொட்டு வலி கிளம்புகிறது என்றால், தசையிலிருந்து வரும் வலி என்று வைத்துக்கொண்டு சிகிச்சையைத் தொடங்குவது நியாயம்தான். உங்கள் பிசியோதெரபிஸ்ட்டும் அப்படித்தான் யோசித்திருப்பார்.

தோள்பட்டைத் தசை எப்படி நெற்றிப்பொட்டில் வலிக்கும் என்று கேட்கலாம். 1938-ல் லண்டனில் ஜோனஸ் கெல்கிரென் என்ற டாக்டர், 6 சதவீத உப்புக் கரைசலைத் தசைகளுக்குள் ஊசியால் செலுத்தி வலி எங்கே தெரிகிறது என்று குறித்து வைத்தார். தன்னையும் தன்னார்வலர்களையுமே இதற்கு உட்படுத்தினார். பல தசைகளில் ஊசி குத்திய இடம் ஒன்றாகவும் வலி தெரிந்த இடம் வேறாகவும் இருந்தது. இந்த வரைபடத்தை அமெரிக்காவில் ஜேனட் டிராவல் மிக விரிவாக்கினார். ஜான் கென்னடியின் முதுகுவலிக்கு வைத்தியம் பார்த்து, 1961-ல் வெள்ளை மாளிகை மருத்துவரானவர் இவர். தசைக்குள் விரலுக்குத் தட்டுப்படும் இறுகிய நார்ப்பட்டை, அதில் அழுத்தினால் துள்ளவைக்கும் ஓர் இடம், அங்கிருந்து தூரத்துக்குப் பரவும் வலி; இதற்கு ‘டிரிக்கர் பாயிண்ட்’ என்று பெயர். நம் ஊர்க்காரர்கள் ‘முடிச்சு’ என்று சொல்வதும் ஏறக்குறைய இதைத்தான். டிராவல் அந்த இடத்தில் மரக்கவைக்கும் மருந்தை ஊசியில் ஏற்றிப் போட்டார். பிறகு செக்கோஸ்லோவாக்கியாவின் டாக்டர் காரெல் லெவிட், மருந்தே இல்லாமல் வெறும் ஊசியால் குத்தினால் என்ன ஆகிறது என்று 241 நோயாளிகளின் 312 வலி இடங்களில் பார்த்து 1979-ல் எழுதினார். சரியான இடத்தில் ஊசி பட்டபோது 86.8 சதவீத இடங்களில் வலி உடனே அடங்கியது. ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழுவை வைக்காத ஆய்வு அது. அதனால் அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் மருந்து இல்லாத ஊசிக்கும் விளைவு உண்டு என்ற எண்ணத்தை டாக்டர்கள் மத்தியில் நிலைநிறுத்தியது அந்தக் கட்டுரைதான். டிரை நீட்லிங் இந்த வழியில் வந்தது.

அக்குபங்சர் சீனாவிலிருந்து வந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். ‘சீ’ என்ற உயிர்ச்சக்தி, அது ஓடும் பாதைகள், பாதைகளில் புள்ளிகள், நாடி பார்த்துப் புள்ளியைத் தேர்ந்தெடுப்பது என்பது அதன் அடிப்படை. அதைக் கற்றுக்கொண்ட மேலைநாட்டு டாக்டர்களில் ஒரு பகுதியினர், ஊசியால் பலன் இருக்கிறது, ஆனால் பாதைகளையும் சக்தியையும் ஏற்கத் தேவையில்லை என்ற முடிவுக்கு வந்தார்கள். பிரிட்டனில் ஃபீலிக்ஸ் மன் அவர்களில் முக்கியமானவர். மரபுப் புள்ளிகளைப் பாடமாகப் படித்துவிட்டு, அப்படிப் புள்ளிகளே இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னவர். டாக்டர்களுக்கான அக்குபங்சர் சங்கம் அங்கே 1980-ல் தொடங்கியதும் அவரால்தான். இவர்கள் செய்வதைத்தான் ‘மெடிக்கல் அக்குபங்சர்’ என்கிறார்கள்: நவீன மருத்துவ முறையில் நோயைக் கண்டுபிடித்து, நரம்பு, தசை இவற்றின் கணக்கில் ஊசி போடுவது.

உங்கள் சித்தி சொன்னது பாதி சரி. மூன்று முறைகளிலும் ஊசி ஒன்றேதான். கம்பெனிகூட ஒன்றாக இருக்கலாம். போடுகிறவர் எந்தக் கணக்கில் இடத்தைத் தேர்ந்தெடுக்கிறார் என்பதுதான் வேறு. டிரை நீட்லிங் செய்கிறவர் வலிக்கிற தசையைத் தேடி, பெரும்பாலும் ஆழமாகப் போடுவார். அக்குபங்சர் செய்கிறவர் உங்கள் கழுத்து வலிக்குக் கையிலும் காலிலும்கூடப் போடுவார், இருபது முப்பது நிமிடம் அப்படியே விட்டுவைப்பார். இரண்டு வகையினரும் அடிக்கடி ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறார்கள் என்பதும் உண்மை. தோள்பட்டைத் தசையின் நடு மேட்டில் சீனப் புத்தகத்திலும் ஒரு புள்ளி இருக்கிறது, டிராவலின் படத்திலும் ஒன்று இருக்கிறது.

தமிழ்நாட்டு நிலவரம் தனி. இங்கே ‘அக்கு ஹீலர்’ என்று பலகை வைத்திருக்கும் பலர் ஊசியே போடுவதில்லை. நாடி பார்த்து ஒரே ஒரு புள்ளியை விரலால் தொட்டு அனுப்புகிறார்கள். நான் கீழே சொல்லப்போகிற ஆய்வுகள் ஊசியை வைத்துச் செய்தவை, அந்தத் தொடு சிகிச்சைக்கு அவற்றைச் சாட்சியாகக் காட்ட முடியாது. அக்குபங்சரை இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர் கொல்கத்தாவின் டாக்டர் பிஜய் குமார் பாசு. 1938-ல் சீனாவுக்குப் போன இந்திய மருத்துவக் குழுவில், டாக்டர் கோட்னிஸோடு போனவர், அலோபதி டாக்டர். மத்திய அரசு 2019 பிப்ரவரியில் அக்குபங்சரைத் தனிச் சிகிச்சைமுறையாக அங்கீகரித்து உத்தரவும் போட்டிருக்கிறது. எனவே அக்குபங்சர் என்றாலே ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. பொறுமையாக உட்கார்ந்து நோயாளி சொல்வதைக் கேட்கிற ஹீலர்களை நான் மதிக்கிறேன். பெரிய ஆஸ்பத்திரிகளில் அது கிடைக்காததால்தான் மக்கள் அவர்களிடம் போகிறார்கள். ஆனால் இன்சுலினை நிறுத்து, பி.பி. மாத்திரையை நிறுத்து, தைராய்டு மாத்திரையை நிறுத்து என்று சொல்கிற யாராக இருந்தாலும், அவர் ஊசி போட்டாலும் சரி, தொட்டாலும் சரி, உடனே எழுந்து வந்துவிடுங்கள். சர்க்கரை ஏறி, சிறுநீரகம் கெட்டு, பார்வை மங்கி வருகிறவர்களைப் பார்க்கும்போது எனக்குக் கோபத்தைவிட வேதனைதான் அதிகம். வலிக்கு ஊசி போடுவதும் உயிர்காக்கும் மருந்தை நிறுத்துவதும் சம்பந்தமில்லாத இரண்டு காரியங்கள். இவற்றை ஒன்றாகக் கட்டி விற்கக் கூடாது.

இனி ஊசி போடும்போது உண்மையில் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். பயம் பாதி அதில் குறையும்.

ஊசியின் கனம் 0.25 அல்லது 0.30 மி.மீ. சாதாரணமாக மருந்து போடும் ஊசி அரை மி.மீ.க்கு மேல் இருக்கும், உள்ளே குழாய், முனை சாய்வாக வெட்டியிருக்கும். இது கெட்டிக் கம்பி, முனை கூம்பாக இருக்கும், தோலையும் தசையையும் வெட்டாமல் விலக்கிக்கொண்டு போகும். ஒவ்வொன்றும் சிறு பிளாஸ்டிக் குழாயோடு தனியாக சீல் வைத்த உறையில் வரும். உங்கள் வலி தோள்பட்டையின் மேல்பக்கம் என்பதால் உங்களைக் குப்புறவோ பக்கவாட்டிலோ படுக்கவைப்பார்கள். உட்காரவைத்துப் போட்டால் சிலருக்குத் தலைசுற்றி மயக்கம் வரும், குறிப்பாக முதல் தடவை. படுக்கவைத்தே போடச் சொல்லுங்கள். தோலைத் துடைத்தபின், கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் நடுவில் அந்தத் தசையைக் கிள்ளினாற்போல் தூக்கிப் பிடிப்பார். இறுகிய நாரை விரலால் உருட்டிப் பார்த்து, குழாயை வைத்து ஊசியின் தலையில் ஒரு தட்டு. தோலில் நுழைவது பெரும்பாலும் தெரியாது. தசைக்குள் மெல்ல நகர்த்தும்போது ஒரு கட்டத்தில் தசை தானாகவே வெட்டி ஒரு துள்ளு துள்ளும். என் நோயாளிகள் ‘ஷாக் அடிச்ச மாதிரி’ என்பார்கள். சிலருக்கு அந்த நொடியிலேயே ‘ஆமா, இந்தத் தலைவலிதான்’ என்று நெற்றிப்பொட்டில் கை போகும். பத்து இருபது நொடிகள், சில சமயம் ஒரு நிமிடம். எடுத்துவிட்டுப் பஞ்சால் அழுத்திப் பிடிப்பார்கள். அன்றைக்கும் மறுநாளும் அந்த இடம் அடிபட்டாற்போல் கன்றி வலிக்கும். இதை முன்கூட்டியே சொல்லாததால் பலர் ‘ஊசி போட்டு வலி ஜாஸ்தி ஆயிடுச்சு’ என்று பாதியில் விட்டுவிடுகிறார்கள்.

இதனால் வலி ஏன் குறைகிறது? உறுதியாகத் தெரிந்தது கொஞ்சம். ஊசி ஒரு சிறிய காயம்; அந்தச் சமிக்ஞை தண்டுவடத்துக்கும் மூளைக்கும் போகும்போது உடல் தன் சொந்த வலிநிவாரணிகளைச் சுரக்கிறது. 1970களில் எண்டார்பின் வகைப் பொருட்கள் கண்டுபிடிக்கப்பட்டதும், அவற்றின் வேலையைத் தடுக்கும் நாலாக்சோன் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். சில சோதனைகளில் அக்குபங்சரால் வந்த வலி நிவாரணம் மங்கியது. 2010-ல் அமெரிக்காவின் ராச்செஸ்டரில் எலிகளின் மீது செய்த ஆய்வில், ஊசியைத் திருகிய இடத்திலேயே அடினோசின் என்ற பொருள் அதிகமாகி அங்குள்ள நரம்பை அடக்குவதைக் காட்டினார்கள். இவற்றோடு எதிர்பார்ப்பும், யாரோ ஒருவர் அக்கறையாகக் கவனிக்கிறார் என்ற ஆறுதலும் சேர்ந்தே வேலை செய்கின்றன. டிரிக்கர் பாயிண்ட்டைப் பற்றியும் முழுமையான உடன்பாடு இல்லை. ஒரே நோயாளியை இரண்டு நிபுணர்கள் தனித்தனியாகத் தடவிப் பார்த்தால் பல சமயம் வெவ்வேறு இடங்களைக் காட்டுகிறார்கள். நோய் தசையில் இல்லை, நரம்பு மண்டலம் கூருணர்வாகிவிட்டதன் வெளிப்பாடுதான் அந்த இடம் என்று வாதிடும் வலி மருத்துவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அந்த வாதத்தில் நியாயம் இருப்பதாகவே படுகிறது. ‘முடிச்சை உடைத்துவிட்டேன்’ என்று நான் நோயாளியிடம் சொல்வதில்லை. உடைபடுவதற்கு அங்கே கட்டி எதுவும் இல்லை.

வேலை செய்யுமா என்ற கேள்விக்கு வருகிறேன். ஊசிச் சிகிச்சையை ஆராய்வதில் பெரிய சிக்கல், போலி ஊசி எப்படிப் போடுவது என்பது. மாத்திரை என்றால் மாவு மாத்திரை கொடுக்கலாம். ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் ஸ்ட்ரைட்பெர்கர் என்பவர் 1998-ல் ஒரு வழி கண்டுபிடித்தார்: முனை மழுங்கிய ஊசி, நாடகத்துக் கத்திபோல, தோலைத் தொட்டதும் கைப்பிடிக்குள் போய்விடும்; நோயாளிக்குக் குத்திய உணர்வு மட்டும் இருக்கும்.

ஜெர்மனியிலேயே பிறகு மிகப் பெரிய ஆய்வு ஒன்று நடந்தது. காரணம் நடைமுறை சார்ந்தது: இன்சூரன்ஸ் இதற்குப் பணம் கொடுக்கலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க வேண்டியிருந்தது. நாள்பட்ட இடுப்பு வலி உள்ள 1,162 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குச் சீன முறைப்படி சரியான புள்ளிகளில் ஊசி. இன்னொன்றுக்கு, புள்ளிகளே இல்லாத இடங்களில் மேலோட்டமாக ஊசி. மூன்றாவதுக்கு வழக்கமான மாத்திரை, பிசியோதெரபி, உடற்பயிற்சி. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், குறிப்பிடத்தக்க முன்னேற்றம் கண்டவர்கள் முதல் குழுவில் 47.6 சதவீதம், இரண்டாவதில் 44.2 சதவீதம், மூன்றாவதில் 27.4 சதவீதம். 2007-ல் இது வெளியானது.

அந்த மூன்று எண்களையும் சேர்த்துப் பாருங்கள். ஊசி போட்டுக்கொண்ட இரண்டு குழுக்களும் வழக்கமான சிகிச்சையைத் தெளிவாக முந்தின. அதே நேரம் சரியான புள்ளிக்கும் தவறான இடத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஊசிக்காரர்கள் முதல் பாதியை மட்டும் சொல்வார்கள். எதிர்ப்பவர்கள் இரண்டாம் பாதியை மட்டும் சொல்வார்கள். இரண்டும் ஒரே அட்டவணையில் இருக்கின்றன.

பல ஆய்வுகளின் நோயாளிகளை ஒன்றுசேர்த்து ஆண்ட்ரூ விக்கர்ஸ் குழு செய்த கணக்குதான் இன்றைக்கும் நான் அதிகம் நம்புவது. 2012-ல் 29 ஆய்வுகளிலிருந்து 17,922 பேர். 2018-ல் அதைப் புதுப்பித்தபோது 39 ஆய்வுகளிலிருந்து 20,827 பேர். கழுத்து, இடுப்பு, தோள்பட்டை, முழங்கால், தலைவலி எல்லாம் அதில் உண்டு. அவர்கள் கொடுத்த உதாரணம் நோயாளிக்குப் புரிகிற மாதிரி இருக்கும். நூற்றுக்கு 60 என்ற அளவில் வலி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஊசி போடாதவர்களுக்கு அது 43 ஆகக் குறைகிறது, போலி ஊசி போட்டவர்களுக்கு 35, உண்மையான ஊசி போட்டவர்களுக்கு 30. ஊசிக்கும் போலிக்கும் உள்ள வித்தியாசம் 5. ஒன்றுமே போடாமல் இருப்பதற்கும் ஊசிக்கும் உள்ள வித்தியாசம் 13. சிகிச்சை முடிந்து ஒரு வருடம் கழித்தும் பலனின் 85 சதவீதம் அளவுக்கு நிலைத்திருந்தது என்பது 2018 கணக்கு. உங்களுக்குக் கிடைக்கக்கூடிய பலன் இந்த அளவில்தான் இருக்கும்: வலி 60-லிருந்து 0 ஆகாது, ஆனால் 30 என்பது ராத்திரி தூங்கவும் காலையில் வேலைக்குப் போகவும் விடுகிற வலி.

டிரை நீட்லிங்குக்குத் தனியாக இருக்கும் ஆய்வுகள் இவ்வளவு பெரியவை இல்லை. சிறிய குழுக்கள், குறுகிய காலம். அவற்றைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்வது: ஒன்றுமே செய்யாததைவிடவும் போலி ஊசியைவிடவும் பன்னிரண்டு வாரம் வரை வலி குறைகிறது, மற்ற பிசியோதெரபி முறைகளோடு வைத்துப் பார்த்தால் மேல் என்று சொல்லமுடியவில்லை. பிரிட்டனில் அரசு மருத்துவத்துக்கு வழிகாட்டும் ‘நைஸ்’ அமைப்பு இந்த விஷயத்தில் எப்படி மாறி மாறி வந்திருக்கிறது என்பதும் தெரிந்துகொள்ள வேண்டியது. இடுப்பு வலிக்கு அக்குபங்சரை 2009-ல் பரிந்துரைத்தது, 2016-ல் நீக்கிவிட்டது. வேறு காரணம் தெரியாத நாள்பட்ட வலிக்கு 2021-ல் அக்குபங்சர் அல்லது டிரை நீட்லிங் ஒரு சுற்று தரலாம் என்றது, மொத்தம் ஐந்து மணி நேரத்துக்கு மிகாமல் என்ற நிபந்தனையோடு. அடிக்கடி வரும் டென்ஷன் தலைவலிக்கும் மைக்ரேனுக்கும் ஐந்திலிருந்து எட்டு வாரத்துக்குள் பத்து தடவை வரை என்று 2012-லேயே சொல்லியிருக்கிறது. வருடக்கணக்கில் வாரம் இரண்டு முறை வரச்சொல்லும் கிளினிக்குகளுக்கு இதில் ஆதரவு இல்லை.

இனி நான் மிக முக்கியமாக நினைப்பது. ஊசி போட்டதும் கழுத்தைத் திருப்புவது இலகுவாகும். சில நாட்கள், சில வாரங்கள் வலி தணிந்திருக்கும். அந்த நாட்களில் தசையைப் பலப்படுத்தாமல் சும்மா இருந்தால், அதே நாற்காலி, அதே லேப்டாப், அதே வலி. டென்மார்க்கில் லார்ஸ் ஆண்டர்சன் குழு, அடிக்கடி கழுத்து, தோள்பட்டை வலி வரும் 198 அலுவலக ஊழியர்களிடம் செய்த ஆய்வை நான் ஒவ்வொரு நோயாளியிடமும் சொல்கிறேன். ரப்பர் டியூபைக் காலால் மிதித்துக்கொண்டு, இரண்டு கைகளையும் பக்கவாட்டில் தோள் உயரத்துக்குத் தூக்கி இறக்கும் ஒரே பயிற்சி. ஒரு குழுவுக்கு நாளைக்கு 12 நிமிடம், இன்னொன்றுக்கு 2 நிமிடம், மூன்றாவதுக்கு உடல்நலத் தகவல் மட்டும். வாரம் ஐந்து நாள், பத்து வாரம். 2 நிமிடம் செய்தவர்களுக்கும் வலி நன்றாகக் குறைந்தது. 12 நிமிடக் குழுவோடு ஒப்பிட்டால் பெரிய வித்தியாசம் இல்லை. 2 நிமிடம்! டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும். ஊசி போட்ட மறுநாள் கன்றிப்போன வலி தணிந்ததும் இதைத் தொடங்குங்கள். வாரம் போகப்போக டியூபின் இறுக்கத்தைக் கூட்டுங்கள். உங்கள் பிசியோதெரபிஸ்ட் ஊசி போட்டுவிட்டுப் பயிற்சி எதுவும் சொல்லித்தராமல் அனுப்பினால், கேட்டு வாங்குங்கள்.

நுரையீரல் பற்றிய உங்கள் பயம் நியாயமானது. நடந்திருக்கிறது. அமெரிக்கப் பனிச்சறுக்கு வீரர் டோரின் யேட்டர்-வாலஸுக்கு 2013-ல், சோச்சி ஒலிம்பிக்ஸுக்குச் சில மாதம் முன்பு, ஊசிச் சிகிச்சையின்போது நுரையீரல் குத்துப்பட்டுச் சுருங்கியது. நுரையீரலின் உச்சி காறை எலும்புக்கு மேலே இரண்டு மூன்று செ.மீ. வரை எழும்பி நிற்கிறது. கழுத்தடி என்று நாம் நினைக்கும் இடத்தில் உள்ளே நுரையீரல் இருக்கிறது. மெலிந்த உடம்பில், முதுகில் சில இடங்களில் தோலுக்கும் நுரையீரல் உறைக்கும் இடைவெளி இரண்டு செ.மீ.க்கும் குறைவு. தோள்பட்டைத் தசையைக் கிள்ளித் தூக்கிப் பிடித்துப் போடவேண்டும் என்று மேலே சொன்னது இதற்காகத்தான். ஊசி முனை எதிர்ப்பக்கம் இருக்கும் விரலை நோக்கிப் போகவேண்டும், விலா எலும்பை நோக்கி அல்ல. படுக்கவைத்து, தசையைத் தூக்காமல், நேராகக் கீழ்நோக்கி நீள ஊசியை இறக்குகிறார் என்றால் தடுத்துவிடுங்கள். கூச்சப்படவேண்டாம்.

எவ்வளவு அபூர்வம் என்றும் சொல்லவேண்டும். ஜெர்மனியில் 2,29,230 அக்குபங்சர் நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்ததில் இரண்டு பேருக்கு இப்படி ஆனது. சிறிய தொந்தரவுகள், அதாவது ரத்தக் கசிவு, கன்றிப்போதல், வலி போன்றவை 8.6 சதவீதம் பேருக்கு. அயர்லாந்தில் பிசியோதெரபிஸ்ட்டுகள் செய்த 7,629 டிரை நீட்லிங் சிகிச்சைகளைப் பதிவு செய்தபோது பெரிய விபத்து எதுவும் இல்லை, கன்றிப்போனது 7.55 சதவீதத்தில், ரத்தம் கசிந்தது 4.65 சதவீதத்தில். இவையெல்லாம் பயிற்சி பெற்ற கைகளின் கணக்கு. ஒரு வார இறுதி வகுப்பு மட்டும் முடித்தவரின் கைக்கு இது பொருந்தாது. எங்கே கற்றீர்கள், எத்தனை வருடமாகப் போடுகிறீர்கள் என்று கேளுங்கள். நல்லவர் கோபித்துக்கொள்ளமாட்டார்.

நுரையீரல் குத்துப்பட்டால் உடனே தெரியாமல் போகலாம், சில மணி நேரம் கழித்துக்கூட வெளிப்படலாம். ஊசி போட்ட அன்றோ மறுநாளோ மூச்சு வாங்கினால், மூச்சை இழுக்கும்போது நெஞ்சிலோ தோளிலோ குத்தினால், காரணமில்லாமல் வறட்டு இருமல் வந்தால், நேராக எமர்ஜென்சிக்குப் போய் ‘இன்று கழுத்துப் பக்கம் ஊசி போட்டார்கள்’ என்று சொல்லுங்கள். அதைச் சொன்னால்தான் டாக்டருக்கு எக்ஸ்ரே எடுக்கத் தோன்றும்.

தொற்று விஷயம் சுலபம், அதனாலேயே அலட்சியமாகிறது. ஊசியை மறுபடி பயன்படுத்தி ஹெபடைடிஸ் பி பரவிய சம்பவங்கள் உண்டு. 1984-ல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் ஒரே அக்குபங்சர் கிளினிக்கிலிருந்து 35 பேருக்குத் தொற்றியது. உறையை உங்கள் கண்ணெதிரே கிழிக்கவேண்டும். எடுத்த ஊசி, துளைக்கமுடியாத வெள்ளைப் பிளாஸ்டிக் டப்பாவுக்குள் போகவேண்டும். ‘உங்க ஊசியை உங்களுக்கே வச்சிருக்கோம், அடுத்த தடவைக்கு’ என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

கர்ப்பமாக இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். கையின் நேர்த்தி குறைந்து பட்டன் போடத் தடுமாறுவது, நடை தள்ளாடுவது, சிறுநீர் கட்டுப்பாடு போவது, காய்ச்சல், காரணமில்லாத எடைக் குறைவு, ராத்திரியில் எழுப்பிவிடும் வலி ஆகியவற்றில் எது இருந்தாலும் ஊசி அல்ல, டாக்டர்தான் முதலில்.

அம்மாவின் முழங்கால். தேய்மான வலிக்கு ஊசியின் பலன் கழுத்துக்கு இருப்பதைவிடக் குழப்பமானது. ஜெர்மனியில் முழங்காலுக்கும் அதே மாதிரி ஆய்வு செய்து, அங்கே 2007 முதல் நாள்பட்ட இடுப்பு வலிக்கும் முழங்கால் தேய்மானத்துக்கும் இன்சூரன்ஸ் பணம் தருகிறது. ஆஸ்திரேலியாவில் 282 பேரிடம் செய்து 2014-ல் வெளியான ஆய்வில் போலிச் சிகிச்சையைவிட மேலான பலன் எதுவும் தெரியவில்லை. மூட்டுத் தேய்மானத்துக்கு அக்குபங்சரும் டிரை நீட்லிங்கும் தரவேண்டாம் என்று ‘நைஸ்’ 2022-ல் சொல்லிவிட்டது; அமெரிக்க மூட்டுநோய் மருத்துவர் சங்கமோ 2019-ல் நிபந்தனையோடு தரலாம் என்றிருக்கிறது. என்னிடம் வந்தால் நான் ஊசியை எடுக்கமாட்டேன். கைப்பிடி இல்லாத நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காரும் பயிற்சி, உட்கார்ந்தபடி காலை நீட்டித் தொடையை இறுக்கிப் பிடிப்பது, தினமும் தாங்குகிற அளவு நடை, இவற்றைத்தான் கொடுப்பேன்.

ஸ்டென்ட் வைத்தவர் என்பதால் ஆஸ்பிரினோடு க்ளோபிடோக்ரலும் எடுத்துக்கொண்டிருப்பார். ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகள் இவை. ஆழமாகக் குத்தினால் உள்ளே கசிந்து வீங்கும் வாய்ப்பு அதிகம். இருந்தாலும் அக்கம்பக்கத்தார் சொல்லி அம்மா ஊசிக்குப் போக ஆசைப்பட்டால், மாத்திரையின் பெயரை எழுதி எடுத்துப்போய்க் காட்டச் சொல்லுங்கள். ‘இரண்டு நாள் மாத்திரையை நிறுத்திட்டு வாங்க, போட்டுடலாம்’ என்று அங்கே சொன்னால் கேட்கவேண்டாம். க்ளோபிடோக்ரலைத் திடீரென்று நிறுத்தினால் ஸ்டென்ட்டுக்குள் ரத்தம் கட்டி மாரடைப்பு வரலாம். அதை நிறுத்துவதா தொடர்வதா என்பதை அம்மாவின் இதய டாக்டர் மட்டும்தான் சொல்லவேண்டும்.